‘செடிதானேம்மா’ என்கிறான் மகன்

கேள்வி:



எனக்கு 46 வயது. ஈரோடு பக்கம் ஒரு சிற்றூர். கணவர் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகன், வயது 20. கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். முதல் வருடம் ஹாஸ்டலில் இருந்தான். இப்போது நண்பர்களோடு வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான்.

போன மாதம் துவைப்பதற்காக அவன் பேன்ட்டை எடுத்தபோது, பாக்கெட்டில் காய்ந்த இலைத்தூள் மாதிரி ஒரு சின்னப் பொட்டலமும் சிகரெட் சுருட்டுகிற தாளும் இருந்தன. கேட்டேன். மறைக்கவில்லை. “கஞ்சாதாம்மா. பிளஸ் டூ லீவுல ஆரம்பிச்சது. எல்லாரும்தான் அடிக்கிறாங்க. சரக்கைவிட இது எவ்வளவோ மேல். செடிதானேம்மா, சித்தர்களே மருந்தா குடுத்திருக்காங்க. கனடாவுல கடையிலயே விக்கிறாங்க” என்றான். இப்போது தினமும் சாயங்காலம் புகைக்கிறானாம்.

இரண்டு செமஸ்டராக அரியர் விழுகிறது. வீட்டுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். சாப்பாடு இறங்குவதில்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். போன முறை வந்தபோது, “பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பத்தித்தானே பேசறாங்க?” என்று கேட்டான். அவர்கள் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை.

அவன் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் கை நீட்டிவிடுவார். என் தங்கை, “ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது மையத்தில் ஆறு மாதம் போட்டுவிடு” என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகி அவன் எதிர்காலமே போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவன் சொல்வதுபோல இதில் கெடுதல் இல்லையா? மூளை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் சரியாகுமா? நான் என்ன செய்யட்டும்?

சொல்ல மறந்துவிட்டேன். என் கூடப்பிறந்த அண்ணனுக்கு 22 வயதில் புத்தி பேதலித்தது. காதில் குரல் கேட்கிறது என்பார். இன்றைக்கும் மாத்திரையில்தான் இருக்கிறார். ஆனால் அவர் கஞ்சாவைத் தொட்டதே இல்லை, அதனால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. மகனுக்கு மாமாவின் நோயைப் பற்றி முழுசாகத் தெரியாது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘சொல்ல மறந்துவிட்டேன்’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் என் பதிலைத் தொடங்க வேண்டும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. உங்கள் அண்ணனுக்கு வந்தது, நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால், மனச்சிதைவு நோயாக இருக்கலாம். ஸ்கிசோஃப்ரீனியா என்பார்கள். பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் அது. நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடும். அப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதே இல்லை. ஆனால் அந்தச் சாய்வை உடம்பில் வைத்திருக்கும் ஒரு பிள்ளை, வளரும் வயதில் தினமும் கஞ்சா புகைத்தால், ஆபத்து மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதல். நோய் வருவதாக இருந்தாலும் சில வருடங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

அதனால்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்களா என்று அவன் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சா தலைக்கேறியிருக்கும்போது இப்படிச் சந்தேகம் வருவது பலருக்கும் நடப்பதுதான். போதை இறங்கினால் போய்விடும். தூக்கம் கெட்டிருந்தாலும் வரும். ஒரு பெரிய நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து எந்த மருத்துவராலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நேரில் உட்கார்ந்து பேசித்தான் சொல்ல முடியும். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். நோய்தான் என்று தெரிந்தாலும், தொடக்கத்திலேயே சிகிச்சைக்கு வருகிறவர்கள், வருடக்கணக்கில் தாமதித்து வருகிறவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள்.

இதற்கிடையில் அவன் தனியாகப் பேசுவது, காரணமில்லாமல் சிரிப்பது, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வது, யாரோ தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்று அடித்துச் சொல்வது, சாவைப் பற்றிப் பேசுவது, இவற்றில் எது நடந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். நேரம் வாங்கிய நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மகன் சொல்வதில் எது உண்மை?

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. பாதி உண்மைகளைச் சொல்கிறான். அவற்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதியை நாம் பேச முடியும். கஞ்சா அடித்தால் செத்துப்போவாய், பைத்தியமாகிவிடுவாய் என்று பெரியவர்கள் மிரட்டும்போது, தினமும் புகைத்துவிட்டுத் திடமாக நடமாடும் நண்பர்களை அந்தப் பிள்ளை பார்க்கிறான். அந்த நிமிஷமே நாம் சொல்கிற மற்ற எல்லாவற்றின் மீதும் அவனுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வதே போதுமான எச்சரிக்கை என்பது என் அனுபவம்.

அளவு மீறி எடுத்ததாலேயே மூச்சு நின்று இறப்பது, ஹெராயினில் நடப்பதுபோல கஞ்சாவில் நடப்பதில்லை. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் கஞ்சா வேலை செய்யும் இடங்கள் மிகக் குறைவு என்பது அதற்குக் காரணம். நம் ஊரில் குடும்பங்களை அழிப்பதில் சாராயத்துக்குத்தான் முதலிடம் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

மருந்து என்பதும் உண்மையே. சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு. அதைச் சுத்தி செய்து, மற்றச் சரக்குகளோடு சேர்த்து, நோயறிந்து அளவோடு கொடுப்பார்கள். நவீன மருத்துவத்திலும் உண்டு. புற்றுநோய் சிகிச்சையில் வரும் கடும் வாந்திக்காக அமெரிக்கா 1985-ல் ட்ரோனாபினால் என்ற மாத்திரையை அனுமதித்தது. குழந்தைகளுக்கு வரும் அரிதான இரண்டு வலிப்பு நோய்களுக்காக, போதை தராத கன்னாபிடயால் மருந்தை 2018-ல் அனுமதித்தது. இவை ஒவ்வொரு வேளைக்கும் மில்லிகிராம் கணக்கில் அளந்து தரப்படுபவை. உங்கள் மகனின் பொட்டலத்தில் போதைப் பொருள் எத்தனை சதவீதம், வேறு என்ன கலந்திருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது. பழைய காலத்துக் கஞ்சாவோடு இப்போதைய கஞ்சாவை ஒப்பிடவும் முடியாது. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்குகளைச் சோதித்தபோது, 1995-ல் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. என்னும் போதைப் பொருள் 2014-ல் 12 சதவீதமாக ஏறியிருந்தது.

கனடா 2018 அக்டோபரில் கஞ்சா விற்பனையைச் சட்டபூர்வமாக்கியது. அதையும் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். கெடுதல் இல்லை என்று தீர்மானித்து அவர்கள் அதைச் செய்யவில்லை. கள்ளச் சந்தையை ஒடுக்கவும், வயது குறைந்தவர்கள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளவும்தான் செய்தார்கள். அங்கே உறையின் மீது டி.எச்.சி. அளவு அச்சிடப்பட்டிருக்கும், எச்சரிக்கை வாசகமும் இருக்கும். கியூபெக் மாகாணத்தில் 21 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. உங்கள் மகன் அங்கே இருந்திருந்தால் அவனுக்கு எந்தக் கடையிலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் அவன் இணையத்தில் படித்திருப்பான். 1893-ல் வெள்ளைக்கார அரசு இந்தியக் கஞ்சாப் பொருள்கள் பற்றி ஒரு ஆணையம் அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, மிதமாகப் பயன்படுத்துவதால் பொதுவாகத் தீங்கில்லை என்று 1894-ல் அறிக்கை தந்தது. கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைக் காட்டுவார்கள். அதே அறிக்கை, அளவு மீறிய பழக்கம், முக்கியமாகப் பரம்பரைச் சாய்வு உள்ளவர்களிடம், மனநோயைக் கொண்டுவரக்கூடும் என்றும் சொல்லியிருக்கிறது. 130 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த எச்சரிக்கை உங்கள் குடும்பத்துக்கு நேராகப் பொருந்துகிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளை தானாகவே கஞ்சாவை ஒத்த சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. பசி, தூக்கம், ஞாபகம், பயம், வலி ஆகியவை ஏறாமல் இறங்காமல் இருக்க அவை உதவுகின்றன. அவை போய் ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் அவருடைய சகாவும் கஞ்சாவிலிருந்து டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் ஒட்டும் சி.பி.1 என்ற ஏற்பி 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மூளை தேவைக்கேற்பத் துளித்துளியாகச் செய்கிற வேலையில் டி.எச்.சி. வெள்ளமாக நுழைகிறது. ஞாபகத்தைப் பதிக்கும் பகுதியிலும், யோசித்து முடிவெடுக்கும் முன்மூளையிலும் இந்த ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் புகைத்துவிட்டுப் படித்தால் மனதில் நிற்பதில்லை, நேரம் போவது தெரிவதில்லை, ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற எண்ணம் தலைதூக்குகிறது. அரியர் விழுவதற்கு அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று மட்டும் காரணம் சொல்லிவிடாதீர்கள்.

வயது இங்கே மிக முக்கியம். முன்மூளை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. அவன் 17-ல் தொடங்கியிருக்கிறான். நாற்பது வயதில் எப்போதாவது புகைக்கிற ஒருவருக்கும், பதின்பருவத்தில் தொடங்கித் தினமும் புகைக்கிற ஒருவருக்கும் விளைவு ஒன்றாக இருக்காது.

ஸ்வீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய், எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற மனநிலைப் பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஐந்து மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். நூறில் ஒன்று என்பது நூறில் ஐந்து ஆனாலும், மீதி 95 பேருக்கு வருவதில்லை. அந்த 95 பேரைத்தான் உங்கள் மகன் தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குடும்பத்தில் நோய் இருக்கும் ஒருவன் அவர்களைப் பார்த்துத் தைரியம் கொள்ளக்கூடாது.

அறிவுத்திறனைப் பற்றியும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். பதின்பருவத்தில் தொடங்கி, பல ஆண்டுகள் விடாமல் பழக்கத்துக்கு அடிமையாக இருந்தவர்களின் ஐ.க்யூ. 38 வயதுக்குள் 8 புள்ளிகள் வரை குறைந்திருந்தது என்று 2012-ல் எழுதினார்கள். பிறகு இரட்டையர்களை ஒப்பிட்டு நடந்த ஆய்வுகள், அந்த இழப்புக்குக் கஞ்சாவே காரணமா, குடும்பச் சூழலா என்ற கேள்வியை எழுப்பின. ஆகவே ‘உன் மூளை போச்சு’ என்று அவனிடம் சொல்லாதீர்கள். தினமும் புகைக்கும் காலத்தில் ஞாபகமும் கவனமும் மட்டுப்படும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

உடம்பின் மற்றப் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செடியின் புகையும் புகைதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிலும் உண்டு. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இருமலும் சளியும் வரும். நம் பக்கத்தில் பெரும்பாலும் சிகரெட்டுப் புகையிலையோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள். அதனால் நிகோடினுக்கும் சேர்ந்தே அடிமையாகிறார்கள். புகைத்தவுடன் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடும். பல ஆண்டுகள் புகைத்த சிலருக்கு அடக்கவே முடியாத வாந்தியும் வயிற்றுவலியும் மாறி மாறி வரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் தணியும். அல்சர் என்று நினைத்து ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பழக்கத்தை விட்டால்தான் நிற்கும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் புகைத்த டேனிஷ் இளைஞர்களிடம் விந்தணு எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்திருந்ததை 2015-ல் கண்டறிந்தார்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு உடனடிக் கவலை பைக். கஞ்சா, தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் திறனைப் பல மணி நேரம் குலைத்துவிடுகிறது. ‘நான் நிதானமாத்தான் ஓட்டுறேன்’ என்று அவனுக்கே தோன்றும். புகைத்த இரவில் வண்டியைத் தொடுவதில்லை என்ற ஒரு வாக்கையாவது அவனிடம் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

வீட்டில் ஏன் எரிந்து விழுகிறான்?

கோவையில் தினமும் புகைக்கிறவன் வீட்டுக்கு வந்தால் புகைக்க முடிவதில்லை. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, வியர்வை, விபரீதக் கனவுகள் எல்லாம் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரங்களில் அடங்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்தப் பட்டியல்தான். அவன் கோபத்தில் ஒரு பங்கு உங்கள் மீதான வெறுப்பால் வருவதல்ல, சகோதரி. நிறுத்தினால் வருகிற உடல் தொந்தரவு அது.

கஞ்சாவுக்கு அடிமையாவதில்லை என்பது இளைஞர்களிடையே உலவும் பெரிய தவறான நம்பிக்கை. எடுத்துப் பார்ப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர். தினமும் எடுப்பவர்களில் இன்னும் அதிகம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, கஞ்சாப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படுகிற இந்தியர்கள் ஏறத்தாழ 72 லட்சம் பேர். உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானமாக இதை எண்ணி ஒளிய வேண்டியதில்லை.

போலீஸ், மறுவாழ்வு மையம்

சிகிச்சைக்குப் போனால் வழக்கு வரும் என்ற பயத்தில்தான் பல பெற்றோர் நாட்களைக் கடத்துகிறார்கள். மருத்துவரிடம் நோயாளி சொல்வது ரகசியம். சட்டமும் இங்கே உங்களுக்குத் துணை நிற்கிறது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சாவைப் புகைப்பதும் குற்றம், சிறிதளவு வைத்திருப்பதும் குற்றம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ குற்றம்சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்பு விற்பவருக்குக் கிடையாது. ‘பசங்களுக்கும் சேர்த்து நானே வாங்கிட்டு வர்றேன்’ என்று அவன் நண்பர்களிடம் காசு வாங்கி வாங்கிக்கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது வேறு குற்றமாகிவிடும். இதை அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் ஆள் வைத்துத் தூக்கிப்போக வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரைச் சம்மதமின்றிச் சேர்ப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கிறதா என்று மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே சோதித்துச் சான்று தர வேண்டும், முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். பதிவு பெறாத இடங்களில் அடித்தும் கட்டிப்போட்டும் வைத்திருந்து அனுப்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், பெற்றவர்களிடம் மட்டும் திரும்புவதில்லை. ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்ற விளம்பரப் பொடிகளையும் நம்பாதீர்கள். கஞ்சாவை விடுவிக்க என்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை கிடையாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில வாரங்கள் மருந்து தரலாம். மனநிலைப் பிறழ்வு இருந்தால் அதற்கான மருந்து நிச்சயம் வேண்டும். பழக்கத்தை மாற்றுவது, வாரம் ஒரு முறை என்று சில மாதங்கள் தொடரும் ஆலோசனைதான். எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் கை அதைத் தேடுகிறது என்று அவனே கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு வேறு வழி பழகுவான்.

அவனிடம் எப்படிப் பேசுவது?

அவன் புகைத்திருக்கும்போது பேசாதீர்கள். நீங்கள் அழுதுகொண்டிருக்கும்போதும் வேண்டாம். இரண்டு பேரும் நிதானமாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், மாமாவைப் பற்றிச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். பெண் கொடுக்க, பெண் எடுக்கப் போகும்போது பேச்சாகிவிடும் என்று நம் குடும்பங்களில் மனநோயை மறைத்துவிடுகிறோம். அதனால் தன் உடம்பைப் பற்றி மிக முக்கியமான ஒரு செய்தி தெரியாமலே அந்தப் பிள்ளை முடிவெடுத்துக்கொண்டிருக்கிறான். “உன் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம்ப்பா. நம்ம குடும்பத்துல மாமாவுக்கு இப்படி வந்திருக்கு. உனக்கு இது தெரிஞ்சிருக்கணும், நான்தான் சொல்லாம விட்டுட்டேன்” என்று சொல்லுங்கள். 20 வயதுப் பையன் மிரட்டலைத் தட்டிவிடுவான். பெரியவனாக மதித்துச் சொன்ன உண்மையை அவ்வளவு எளிதாகத் தட்டிவிட மாட்டான்.

பிறகு கேளுங்கள்: எதற்காகப் புகைக்கிறாய்? தூக்கம் வரவா, பயத்தைப் போக்கவா, அரியர் கவலையை மறக்கவா, கூட்டத்தில் தனித்துப்போகாமல் இருக்கவா? அவன் சொல்லும் பதிலுக்குள் இன்னொரு தொந்தரவு இருக்கலாம். பதற்றமும் மனச்சோர்வும் உள்ள பிள்ளைகள் அதற்கு மருந்தாகக் கஞ்சாவை எடுப்பதும், அதனாலேயே அவை கூடுவதும் நாங்கள் தினமும் பார்ப்பது. ‘இனி தொட மாட்டேன்’ என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்ப்போம், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், நீ தனியாகப் பேசு என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். தூக்கத்துக்காகப் பார்ப்போம் என்று அழைத்தாலும் தவறில்லை, அவனுக்குத் தூக்கம் உண்மையிலேயே கெட்டிருக்கிறது.

மூளை சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் புகைப்பவர்களிடம் சி.பி.1 ஏற்பிகள் குறைந்துபோகின்றன. முழுமையாக நிறுத்திய ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவை பழைய நிலைக்குத் திரும்புவதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஞாபகமும் கவனமும் பெரும்பாலும் சில வாரங்களில் தேறத் தொடங்கும். அவனுக்கு 20 வயதுதான், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதுவே ஆபத்துக்கும் காரணம், மீள்வதற்கும் காரணம். இடையில் ஓரிரு முறை அவன் சறுக்கலாம். அப்போது எல்லாம் போயிற்று என்று கைவிடாமல், அடுத்த வாரச் சந்திப்புக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே போவது? பெருந்துறையிலுள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அவன் தங்கியிருக்கும் கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போகலாம். போவதற்கு முன் ஆலோசனை வேண்டுமானால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கடைசியாக அவன் அப்பா. இதை நீங்கள் ஒருத்தியாகவே சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது. மருத்துவரைப் பார்க்க மகன் ஒத்துக்கொண்ட பிறகு, அவனுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, கணவரிடம் சொல்லுங்கள். கோபம் வரும். உங்கள் அண்ணனுக்கு நேர்ந்ததை அவரும் கூட இருந்து பார்த்தவர்தானே? அடித்தால் பையன் ரூமுக்குத் திரும்பிப்போய்விடுவான், நம்மோடு பேசுவதையே நிறுத்திவிடுவான், அதற்குப் பிறகு நோய் வந்தால்கூட நமக்குத் தெரியாது என்று எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு அது புரியும். முடிந்தால் முதல் சந்திப்புக்கு இருவருமே அவனோடு போங்கள்.